உங்களுக்குத் தெரியுமா? மூட் டிராக்கர் ஆப் தேடுகிறவர்களுக்கு

ஐந்து முகங்களைக் காட்டி, "இன்று எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்பதோடு பல ஆப்கள் ஓய்ந்துவிடுகின்றன. பைபோலார் (இருமுனை மனநலக் கோளாறு) உள்ளவருக்கு அது போதாது. மேனியா (மிகையான உற்சாக நிலை) கிளம்பும்போது அவர் விரல் சிரித்த முகத்தின் மேல்தானே போகும்! நேற்று எத்தனை மணி நேரம் தூக்கம், மாத்திரை போட்டாயிற்றா, எரிச்சல் எவ்வளவு என்று கேட்கிற ஆப்பைப் பாருங்கள். இமூட்ஸ் அந்த வகை. மூன்று மணி நேரமே தூங்கியும் களைப்பே தெரியவில்லை என்றால், டாக்டருக்குப் போன் போட வேண்டிய நேரம் அது.

யாத்திரை போனாலும் தூக்கம் கெடும். திருப்பதி திருமலையில் சுப்ரபாத சேவை வழக்கமாக அதிகாலை 3 மணிக்கு. தரிசனத்துக்கு ராத்திரி முழுக்கக் கியூவில் நிற்பதும் சகஜம். தூக்கம் கெட்டால் மேனியா தூண்டப்படலாம். எனவே குறிப்பு எழுத இடமுள்ள ஆப் நல்லது. "திருமலை, ராத்தூக்கம் இல்லை" என்ற ஒரு வரி டாக்டருக்குப் பல கேள்விகளை மிச்சப்படுத்தும்.

பைபோலாருக்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவர், திருமலைக்கு ஏறும் அலிபிரி பாதையின் 3,550 படிகளையும் வெயிலில் ஏறினால்? வேர்த்து உடம்பில் நீர் வற்ற வற்ற, ரத்தத்தில் லித்தியம் ஏறும். உப்பில்லாப் பத்தியமும் அதைத்தான் செய்யும். கை நடுக்கம், வாந்தி, தள்ளாட்டம் வந்தால் ஆப்பில் குறித்துக்கொண்டிருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

டென்மார்க்கின் மொனார்கா ஆய்வில் (2015) தினமும் போனில் மனநிலையைப் பதிந்தவர்களுக்குப் பெரிய நன்மை எதுவும் தெரியவில்லை. மனச்சோர்வு கூடுதலாக நீடிக்கும் போக்கே தெரிந்தது. ஒரு நாளைக்கு ஒரு தடவை குறித்தால் போதும். வரைபடத்தையே வெறித்துக்கொண்டிருப்பது மருந்தாகாது.

பதிகிற தகவல் எங்கே போகிறது என்றும் பாருங்கள். ஆன்லைன் மனநல ஆலோசனைச் சேவையான பெட்டர்ஹெல்ப், பயனர்களின் தகவலை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக் போன்ற நிறுவனங்களுக்குக் கொடுத்ததாக அமெரிக்காவில் குற்றச்சாட்டு எழுந்து, 2023-இல் 78 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. இலவச ஆப் என்றால் பிரைவசி பக்கத்தை ஒரு தடவையாவது படியுங்கள். பதிவுகள் போனிலேயே தங்குமா, பிடிஎஃப் எடுக்க முடியுமா என்பதும் முக்கியம். பிரிண்ட் போட்டுக் கொண்டுபோனால், கூட்டமான ஓ.பி.யிலும் டாக்டர் ஒரு பார்வையில் பிடித்துவிடுவார்.

ஸ்மார்ட்போன் இல்லையா? காலண்டர் தாளில் தூக்க நேரத்தை எழுதுங்கள், அதுவும் செல்லும். அவசரத்துக்கு அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416: 24 மணி நேரமும், இலவசமாக, தமிழிலும் தெலுங்கிலும்.