ஒரு துளி இரத்தம் சொல்லும் சேதி

காய்ச்சலில் துவண்டு கிடக்கும் குழந்தையின் இரத்தத்தில், கிருமியைத் தேடாமலேயே ஆபத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?

மலேசியாவின் பெடாஸ் தோட்டத்துப் பிள்ளைக்கு உடம்பு மோசமானால், பெரும்பாலும் சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனைக்குத்தான் ஓட வேண்டும். அங்கே டாக்டர்களைக் குழப்பும் கேள்வி, இது செப்சிஸா என்பது. செப்சிஸ் என்றால், கிருமித்தொற்றை எதிர்க்கப் போய் உடல் தன் உறுப்புகளையே சேதப்படுத்திக்கொள்ளும் நிலை. இரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்க ஓரிரு நாள் பிடிக்கும். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் பிஞ்சுக்கு அத்தனை நேரம் ஏது!

கனடாவின் கால்கரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வேறு தடயத்தைக் காட்டினார்கள். செப்சிஸ் முற்றி அதிர்ச்சி நிலைக்குப் போயிருந்த குழந்தைகளின் இரத்தத்தில் சர்க்கரை, லாக்டேட் போன்ற பொருள்களின் அளவு தனி மாதிரியாக மாறியிருந்தது. கிருமியில்லாத அழற்சியில் அந்த மாதிரி வேறு.

வலிமையான காந்தக் கருவியால் இந்த அளவுகளை அளந்தார்கள். இந்த முறை இன்னும் ஆய்வுக்கூடத்தை விட்டு வார்டுக்கு வந்தாக வேண்டும்.