டி.என்.எஸ். துணைச் சர்வர்களின் இன்றியமையாமை

மனிதர் பெயரால் அழைக்கின்றனர். யந்திரங்களோ எண்களாலன்றி ஒன்றையொன்று அறியா. இண்டர்நெட்டில் நாம் ஒரு தளத்தின் பெயரை எழுதியவுடன் அதற்குரிய எண்ணை விசாரித்துச் சொல்வது டி.என்.எஸ். என்னும் ஏற்பாடாகும். 1983-ம் வருஷத்தில் இதனை வகுத்தவர் பால் மொக்கபெட்ரிஸ் என்பார். அதற்கு முன்னர், பெயர்களெல்லாம் ஒரே ஜாபிதாவாக ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தில் வைக்கப்பட்டிருந்தன.

பெயருக்கு எண் கூறும் சர்வர் ஓய்ந்துவிடின் நேர்வது யாது? தளத்தை நடத்தும் யந்திரம் பழுதின்றி ஓடினும், அதனிடம் செல்லும் வழியை அறிவாரில்லை. வீடு இருந்தும் விலாசம் தொலைந்தாற்போலாம். முன்னர்க் கேட்டறிந்த விடையைப் பிற சர்வர்கள் சிறிது காலம் நினைவில் வைத்திருக்கும். அக்காலம் கழிந்ததும் அதுவும் மறையும். ஆதலின், ஒவ்வொரு பெயர்ப் பகுதிக்கும் இரண்டு சர்வர்களேனும் இருத்தல் வேண்டுமென 1987-ல் வெளியான விதி பணித்தது.

துணைச் சர்வர் தொழில் செய்யும் முறையைக் காண்போம். முதற் சர்வரிலுள்ள பதிவேட்டுக்கு ஒரு வரிசை எண் உண்டு. பதிவேட்டைத் திருத்துந்தோறும் அவ்வெண் உயர்த்தப்படும். துணைச் சர்வர் குறித்த காலந்தோறும் அதனை விசாரித்து, உயர்ந்திருக்கக் காணின் புதுப் பிரதியைப் பெற்றுக்கொள்ளும். முதற் சர்வர் ஓய்ந்தாலும், குறித்த கெடு முடியுமளவும் துணைச் சர்வர் தன் பிரதியைக்கொண்டு விடை கூறும்.

ஆயின், எண்ணிக்கை மிகுதலே காப்பு என்று எண்ணுவது தவறு. 2001 ஜனவரியில் மைக்ரோஸாப்ட் கம்பெனியின் டி.என்.எஸ். சர்வர்கள் நான்கும் ஒரே வலைப்பகுதியில் இருந்தன. ரௌட்டர் ஒன்றில் செய்த மாறுதல் பிழைபடவே, நான்கும் ஒருங்கே மறைந்தன. அக்கம்பெனியின் தளங்களைப் பலர் ஏறக்குறைய ஒரு நாள் அடையக்கூடவில்லை. 2021 அக்டோபர் 4-ம் தேதி பேஸ்புக் கம்பெனிக்கு நேர்ந்ததும் இத்தன்மையதே. அதன் டி.என்.எஸ். சர்வர்கள் பல இடங்களில் நன்கு இயங்கின. எனினும், உள் வலை அறுபட்டபோது அவை யாவும் தம்மைத் தகுதியற்றனவாக மதித்து, தம்மிடம் வரும் வழிகளைத் தாமே விலக்கிக்கொண்டன. ஏறக்குறைய ஆறு மணி நேரம் அத்தளம் உலகுக்கு இல்லையாயிற்று.

இவற்றால் நாம் அறிவது யாதெனில், ஒரே காரணத்தால் விழக்கூடிய இரண்டு, இரண்டல்ல, ஒன்றே. ஒரு கலாசாலை தன் சர்வர்கள் இரண்டையும் ஒரே அறையில், ஒரே மின்சாரத்தில், ஒரே ரௌட்டரின்கீழ் வைக்குமாயின், பரீட்சை முடிவு வெளியாகும் நாளில் ஒரு கம்பி அறுந்தாலும் போதும், மாணாக்கர் அனைவரும் திகைப்பர். ஆகவே ஒன்று இவ்வூரிலும் மற்றொன்று வேறொரு கம்பெனியின் வலையில் வேற்றூரிலும் இருத்தல் நன்று.

அன்றியும், இரண்டில் ஒன்று ஓய்ந்தால் மற்றது வேலையை நடத்துமாதலின், ஓய்ந்ததை ஒருவரும் உணரார். எனவே ஒவ்வொன்றையும் தனித்தனியே நாள்தோறும் வினவி, வரிசை எண்களை ஒப்புநோக்கல் வேண்டும். ஓய்வான ஒரு நாளில் முதற் சர்வரை நாமே நிறுத்திப் பார்ப்போமாக. துணை உண்மையில் துணைதானா என்பது அப்பொழுதே விளங்கும்.