எல்லை தாண்டி வரும் கலைவாணி

புரட்டாசியில் நவராத்திரிக்குச் சில நாட்கள் முன்பு, தக்கலை அருகே பத்மநாபபுரம் அரண்மனையில் கூட்டம் நெருக்கியடிக்கும். உப்பரிகை மாளிகையில் பூஜையில் இருக்கும் மன்னரின் உடைவாள், கேரள அமைச்சர்களும் அதிகாரிகளும் சூழ, முறைப்படி கைமாறும். வாள் முன்னே செல்ல, தேவாரக்கட்டு சரஸ்வதி அம்மன் யானைமீது புறப்படுவாள். குமாரகோவிலில் இருந்து வேளிமலை முருகனும், சுசீந்திரத்தில் இருந்து முன்னுதித்த நங்கை அம்மனும் பல்லக்கில் வந்து சேர்ந்துகொள்வார்கள். தமிழ்நாடு போலீசும் கேரள போலீசும் அணிவகுத்து மரியாதை செலுத்த, திருவனந்தபுரத்தை நோக்கி நடை தொடங்கும். தூரம் சுமார் 55 கிலோமீட்டர்.

அரண்மனை இருப்பது தமிழ்நாட்டில். அதைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. சாமிகள் மூன்றும் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள். நவராத்திரி கொண்டாடுவது கேரளத் தலைநகரில். இரண்டு அரசுகள் சேர்ந்து நடத்தும் இப்படியொரு தேவி விழா அபூர்வம்.

அந்தச் சரஸ்வதி கம்பர் வழிபட்டவள் என்பது ஐதீகம். தன் காலத்துக்குப் பிறகும் நவராத்திரி பூஜை தடைபடக் கூடாது என்று கேட்டு, விக்கிரகத்தைச் சேர மன்னரிடம் கம்பர் ஒப்படைத்தாராம். வழிவழியாகத் திருவிதாங்கூர் மன்னர்களிடம் வந்தவள், பத்மநாபபுரம் தலைநகராக இருந்தவரை அரண்மனைக்குள்ளேயே விழா கண்டாள். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட கார்த்திகைத் திருநாள் ராமவர்மா தலைநகரைத் திருவனந்தபுரத்துக்கு மாற்றினார். அரசாங்கம் இடம்பெயர்ந்தாலும் அம்மனின் இருப்பிடம் மாறவில்லை. அதனால்தான் ஆண்டுதோறும் இந்தப் பயணம்.

முதல் இரவு குழித்துறை மகாதேவர் கோயிலில். மறுநாள் களியக்காவிளையில் கேரளத்தின் வரவேற்பு. அன்றிரவு நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயிலில் தங்கல். மூன்றாம் நாள் மாலை தலைநகரம். வழிநெடுக வீட்டு வாசல்களில் குத்துவிளக்கு ஏற்றி, பூவும் பழமும் தட்டில் வைத்துக் காத்திருப்பார்கள்.

இந்தச் சாலைக்கு வேறொரு நினைவும் உண்டு. திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு இணைக்கக் கோரி நேசமணி தலைமையில் நடந்த போராட்டத்தின்போது, 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச்சூடு நடந்தது; உயிர்கள் போயின. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாகித் தமிழகத்தோடு இணைந்தன. அவ்வளவு கசப்புக்குப் பிறகும் இந்த ஊர்வலத்தை நிறுத்த வேண்டும் என்று இரு தரப்பும் நினைக்காதது பெரிய விஷயம். எல்லைக்கோடு நியாயமாகவே வந்தது. அதற்காக அம்மனின் வழியை யாரும் அடைக்கவில்லை.

திருவனந்தபுரம் கோட்டைக்குள் பத்மநாபசுவாமி கோயில் பக்கத்தில் இருக்கும் நவராத்திரி மண்டபம் சரஸ்வதிக்கு. முருகன் கரமனையில் இருந்து வெள்ளிக் குதிரையில் ஏறி வந்து ஆரியசாலை அம்மன் கோயிலில் தங்குகிறார். முன்னுதித்த நங்கைக்குச் செந்திட்டை கோயில். அதே நாட்களில் கரமனை, வலியசாலை அக்ரஹாரங்களில் படிகட்டிக் கொலு வைத்துச் சுண்டல் விநியோகம் நடக்கும். மலையாள வீடுகளில் முக்கியம் ‘பூஜவைப்பு’. அஷ்டமியன்று மாலை புத்தகங்களைப் பூஜையில் வைத்துவிட்டால் விஜயதசமி காலையில்தான் எடுக்கலாம். அதுவரை படிப்பு கிடையாது, பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான்.

நவராத்திரி மண்டபத்தின் தனிச்சிறப்பு இசை. 1829இல் ஆட்சிப் பொறுப்பேற்ற சுவாதித் திருநாள் ஒன்பது நாட்களுக்கும் ஒன்பது கீர்த்தனைகள் இயற்றினார். முதல் நாள் சங்கராபரணம், அடுத்து கல்யாணி, சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்த சாவேரி, நாட்டக்குறிஞ்சி, ஒன்பதாம் நாள் ஆரபி. எந்த வித்வான் வந்தாலும் அன்றைய கீர்த்தனைதான் பிரதானம். மாலை ஆறு மணிக்கு முல்லமூடு பாகவதர்கள் தோடயம் பாட, கச்சேரி தொடங்கும். எட்டரைக்கு முடிந்துவிடும். பாடகர் வேட்டியோடு, மேற்சட்டை இல்லாமல் அம்மனுக்கு முன் அமர்வார். தனி ஆவர்த்தனம் எவ்வளவு அருமையாக அமைந்தாலும் ஒருவர்கூடக் கைதட்டக் கூடாது. பாட்டு தேவிக்கு, சபையினர் கேட்க வாய்த்தவர்கள், அவ்வளவுதான். துக்கடா கேட்டுச் சீட்டு அனுப்பும் பழக்கம் முளைத்த கச்சேரி உலகில் இந்தக் கட்டுப்பாடு காக்கப்பட வேண்டியது.

காக்கத் தேவையில்லாத ஒரு வழக்கமும் இங்கே வெகுகாலம் இருந்தது. கலைமகளின் சன்னிதியில் பெண்கள் பாட அனுமதி இல்லை. அது 2006இல் முடிவுக்கு வந்தது. முதலில் பாடியவர் பாறசாலை பொன்னம்மாள். அப்போது எண்பது வயதைக் கடந்திருந்தார். திருவனந்தபுரத்தில் 1939இல் தொடங்கிய சுவாதித் திருநாள் இசைப்பள்ளியின் முதல் மாணவி அவர். பின்னாளில் அங்கேயே ஆசிரியை. 2017இல் பத்மஸ்ரீ பெற்றார். களியக்காவிளையைத் தாண்டியதும் வரும் பாறசாலை அவருடைய சொந்த ஊர். ஆண்டுதோறும் அந்த ஊர் வழியாகத்தான் சரஸ்வதி அம்மன் போகிறாள். அவள் முன் உட்கார்ந்து பாட, வாழ்நாளெல்லாம் பாட்டு சொல்லிக்கொடுத்த ஒரு வித்வாம்சினி அத்தனை காலம் காத்திருக்க வேண்டியிருந்தது என்பது மனதை உறுத்துகிறது. 2021 ஜூனில் அவர் மறைந்தார். அவர் திறந்த வழியில் அடுத்த தலைமுறைப் பாடகிகள் மண்டபத்தில் பாடுகிறார்கள்.

விஜயதசமி காலையில் பூஜப்புரை சரஸ்வதி மண்டபத்தில் வித்யாரம்பம். மடியில் இருத்திய குழந்தையின் நாக்கில் தங்க மோதிரத்தால் எழுதி, பிறகு அதன் விரலைப் பிடித்துத் தட்டில் பரப்பிய அரிசியில் ‘ஹரிஸ்ரீ’ எழுத வைப்பார்கள். சில குழந்தைகள் வீறிட்டு அழும். சில அரிசியை அள்ளி வாயில் போட்டுக்கொள்ளும். முருகனும் அன்று வெள்ளிக் குதிரையில் பூஜப்புரைக்கு எழுந்தருளுவார். அங்கே பள்ளிவேட்டை என்னும் வேட்டைச் சடங்கு நடக்கும்.

பிறகு ஒரு நாள் ‘நல்லிருப்பு’, அதாவது ஓய்வு. அதற்கு மறுநாள் மூவரும் கிளம்பி நெய்யாற்றின்கரை, குழித்துறை வழியாகவே ஊர் திரும்புகிறார்கள். திருவனந்தபுரம் போக முடியாத குமரி மாவட்டத்துக்காரர்களுக்குக் குழித்துறையில் அப்போதும் தரிசனம் உண்டு.