ஒரு சோறு எப்போது பதம்?

ஆசிரியர் நண்பர்களே, எஸ்.பி.எம். எழுதவிருக்கும் மாணவர்களே,

'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்ற பழமொழியைக் கட்டுரையில் நாம் எல்லாருமே எழுதுறோம். அது எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்று யோசித்திருக்கிறோமா?

பானையில் எல்லா அரிசியும் ஒரே நீரில், ஒரே நெருப்பில் வேகிறது. ஒரு சோற்றுக்கும் இன்னொரு சோற்றுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. அதனால் ஒன்றை நசுக்கிப் பார்த்தாலே போதும். ஒவ்வொன்றும் வேறுபடுகிற இடத்தில் இந்தப் பழமொழி செல்லாது.

துப்பாக்கி சுடும் விளையாட்டைப் பாருங்கள். வெளிநாடுகளில் சில போட்டியாளர்கள் தோட்டாவைத் தாங்களே தயாரிக்கிறார்கள். மருந்தின் அளவைச் சிறிது சிறிதாக மாற்றி, ஒவ்வோர் அளவிலும் மூன்று குண்டு சுடுவார்கள். எந்த அளவில் துளைகள் நெருக்கமாக விழுகின்றனவோ அதுவே சிறந்தது என்று முடிவு செய்வார்கள். ஆனால் எதையுமே மாற்றாமல் மறுபடி சுட்டாலும் துளைகளின் நெருக்கம் மாறும். அதே தோட்டாவில் 10 குண்டு சுட்டால், ஒன்றுக்கொன்று மிகத் தள்ளி விழுந்த இரு துளைகளின் இடைவெளி, 3 குண்டு சுடும்போது இருப்பதைவிடச் சராசரியாக ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிகமாகும்.

வகுப்பில் இதைச் செய்து பாருங்கள். எட்டு மாணவர்கள் ஆளுக்கு மூன்று முறை நாணயம் சுண்டட்டும். குறிப்பிட்ட ஒருவருக்கு மூன்றும் தலையாக விழும் வாய்ப்பு எட்டில் ஒன்றுதான். ஆனால் எட்டுப் பேரில் ஒருவருக்காவது அப்படி விழும் வாய்ப்பு ஏறக்குறைய 66 விழுக்காடு! உடனே அவரைக் கைராசிக்காரர் என்று சொல்லிவிடலாமா? எட்டு மருந்தளவில் ஒன்றை மூன்றே குண்டில் தேர்ந்தெடுப்பதிலும் இதே ஆபத்து உண்டு.

அதற்காகச் சிறிய சோதனை வீண் என்று சொல்லவில்லை. மூன்று குண்டும் மூலைக்கொன்றாகச் சிதறினால் அந்த அளவைத் தயங்காமல் ஒதுக்கலாம். நெருக்கமாக விழுந்தால் மட்டும் அவசரப்படக் கூடாது, இன்னும் சுட்டுப் பார்க்க வேண்டும்.

அறிஞர்களும் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். டப்ளின் நகர மதுபான ஆலையில் வேலை பார்த்த கோசெட், சிறிய மாதிரிகளை எவ்வளவு நம்பலாம் என்று கணக்கிடும் முறையை 1908இல் வெளியிட்டார். அவருடைய புனைபெயர் என்ன தெரியுமா? 'மாணவர்'! வங்காளத்தில் மகலனோபிஸ் குழுவினர் பயிர் விளைச்சலை அளந்தபோது, மிகச் சிறிய துண்டு நிலத்தை அறுத்தால் விளைச்சல் கூடுதலாகத் தெரிவதைக் கண்டார்கள். எல்லையில் நின்ற கதிர்களும் கணக்கில் சேர்ந்துவிடுவதே காரணம்.

என் தவற்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு இலக்கணப் பயிற்சிகளில் குறைந்த புள்ளி வாங்கிய ஒரு மாணவியை, 'இவளுக்கு இலக்கணம் வராது' என்று கடைநிலைக் குழுவில் சேர்த்தேன். தவணை முடிவில் அவளுடைய எல்லாப் பயிற்சிகளையும் புரட்டினேன். அந்த இரண்டுமே புணர்ச்சி விதிகள். மற்றவற்றில் நன்றாகவே செய்திருந்தாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டுக் குழுவை மாற்றினேன். ஆனால் அந்த ஒரு தவணை போனது போனதுதான்.

மாணவர்களே, ஒரு முன்னோட்டச் சோதனையின் புள்ளியை வைத்து உங்களை நீங்களே எடை போடாதீர்கள். கருத்து விளக்கக் கட்டுரையில் ஓர் எடுத்துக்காட்டை மட்டும் காட்டி 'ஆகவே அனைவரும்' என்று முடிக்கவும் வேண்டாம். இந்தப் பழமொழியை எழுதும் முன், பானையில் இருப்பதெல்லாம் ஒன்றாக வெந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.