"ஒண்ணுமில்லே" என்று இருந்துவிடாதீர்கள்!

அன்று காலை காபி டம்ளர் என் கணவரின் வலது கையிலிருந்து நழுவி விழுந்தது. "கை மரத்துப் போச்சு" என்றார். அந்த வார்த்தையே குழறிக்கொண்டுதான் வந்தது. வாயும் லேசாகக் கோணியிருந்தது. அரை மணியில் எல்லாம் ஏறக்குறையச் சரியாகிவிட்டது. "பித்தம்தான், ஒண்ணுமில்லே" என்று படுக்கப் போனார். மாமியார் சோடா வாங்கி வரச் சொன்னார்.

நாங்கள் இருப்பது ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர் பக்கம். பெரிய ஆஸ்பத்திரி என்றால் வளைந்து வளைந்து மலை இறங்க வேண்டும். "இதுக்குப் போயா?" என்று அவர் கோபித்துக்கொண்டும் கேட்காமல், 108-ஐ வரவழைத்து அழைத்துப் போனேன். மூளையின் இடது பக்கத்தில் சிறிய ரத்தக் குழாய் ஒன்று அடைபட்டிருப்பது ஸ்கேனில் தெரிந்தது.

"லேசான பக்கவாதம்தான். ஆனால் லேசாக எண்ணாதீர்கள். அடுத்த சில நாட்களில், வாரங்களில்தான் பெரிதாக வரும் அபாயம் அதிகம்" என்றார் டாக்டர்.

மூளையின் எடை நம் உடம்பில் ஐம்பதில் ஒரு பங்குதான். ஆனால் அதற்கு நிமிஷத்துக்கு சுமார் முக்கால் லிட்டர் ரத்தம் வேண்டும். ஓட்டம் நின்றால் சில நிமிஷங்களிலேயே மூளைச் செல்கள் மடியத் தொடங்கிவிடும். அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். மலையில் இருப்பவர்களுக்கு இறங்குகிற நேரமும் அந்தக் கணக்கில்தான் சேரும். ஆகவே வாய் கோணல், கை தளர்ச்சி, பேச்சுக் குழறல் இவற்றில் ஒன்று திடீரென்று கண்டாலும் மணியைப் பார்த்துக்கொண்டு உடனே கிளம்புங்கள். சோடா, காபி எதுவும் கொடுக்காதீர்கள், புரையேறிவிடும். மாத்திரையும் வேண்டாம். அடைப்பா, ரத்தக் கசிவா என்பதை ஸ்கேன்தான் சொல்லும்.

வீடு திரும்பியதும் என் சமையலறையைத்தான் முதலில் சோதித்தேன். ஒருவருக்கு நாளைக்கு 5 கிராம் உப்புக்கு மேல் கூடாதாம். எங்கள் வீட்டில் நாலு பேர்; மாதத்துக்கு 600 கிராம். நான் ஒன்றரைக் கிலோ வாங்கிக்கொண்டிருந்தேன்! ஊறுகாய், அப்பளம், கருவாடு வேறு. இப்போது குழம்பில் பாதி உப்புதான். எலுமிச்சையும் மிளகும் அந்தக் குறையைத் தீர்க்கின்றன. எங்கள் மலையில் விளையும் சாமையை வாரம் நாலு நாள் பொங்குகிறேன். சாமை நல்ல உணவு, ஆனால் மாத்திரைக்குப் பதில் ஆகாது.

அந்தத் தப்பைத்தான் நாங்கள் செய்திருந்தோம். "உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்று ரத்த அழுத்த மாத்திரையை அவர் நிறுத்தியபோது நானும் பேசாமல் இருந்துவிட்டேன். அழுத்தம் ஏறி நின்றால் ரத்தக் குழாய்கள் தடித்துக் குறுகிவிடுகின்றன. அது வெளியே தெரிவதில்லை. 2021-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இந்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு வந்து தருகிறார்கள். கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது பீடி. புகை ரத்தக் குழாயைச் சுருக்கி, ரத்தத்தையும் எளிதில் உறைய வைக்கும் என்று டாக்டர் சொன்ன பிறகே விட்டார். முதல் மாதம் வீட்டில் ஒரே சிடுசிடுப்புதான்!

பிறகு நடை. ஒரு காலத்தில் காட்டுப் பாதையில் நடந்தவர், மோட்டார் சைக்கிள் வந்த பிறகு கடைத்தெருவுக்குக்கூட நடப்பதில்லை. டாக்டரிடம் கேட்டுக்கொண்டு சமதளத்தில் பத்து நிமிஷம் ஆரம்பித்தோம். இப்போது அரை மணி, வாரம் ஐந்து நாள். நடை அழுத்தத்தைக் குறைத்து, ரத்தக் குழாய்கள் விறைத்துப் போகாமல் காக்கிறது. மடிந்த செல்கள் திரும்பி வராது. ஆனால் பழக்கப் பழக்க, மற்ற பகுதிகள் அந்த வேலையைக் கற்றுக்கொள்கின்றன. அதனால் சாமையில் கல் பொறுக்கும் வேலையை அவருடைய வலது கைக்கே கொடுத்திருக்கிறேன்.

இன்று அவரே காபி ஆற்றிக் குடிக்கிறார். சகோதரிகளே, வீட்டில் யாராவது கை மரத்து, வாய் குழறி, "ஒண்ணுமில்லே" என்று சொன்னால் நம்பாதீர்கள். அவர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். முதலில் ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்.