இணையச் செந்தரங்களும் உலாவி கடந்த பக்க வடிவமைப்பும்

இணையச் செந்தரங்கள் என்பவை இணையப் பக்கங்களை எவ்வாறு எழுத வேண்டும், உலாவிகள் அவற்றை எவ்வாறு காட்ட வேண்டும் என்பதற்குப் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட விதிமுறைகள் ஆகும். ஒரே பக்கம் குரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி, எட்ஜ் போன்ற வெவ்வேறு உலாவிகளில் ஒழுங்காகத் தெரியுமாறு அமைப்பது உலாவி கடந்த வடிவமைப்பு எனப்படும். எல்லா உலாவிகளும் செந்தரத்தை முழுமையாகப் பின்பற்றினால் இவை இரண்டும் ஒரே வேலையாகிவிடும். ஆனால் இணையத்தின் வரலாற்றில் நெடுங்காலம் அப்படி இருந்ததில்லை. செந்தரப்படி எழுதிய பக்கம் மக்கள் பயன்படுத்திய உலாவியில் சிதைந்து தெரிந்தது. அந்த உலாவிக்கேற்ப எழுதிய பக்கம் மற்ற உலாவிகளில் சிதைந்தது. இந்த இழுபறிக்குள் சமநிலை காண எடுக்கப்பட்ட முயற்சிகளே இன்றைய வடிவமைப்பு முறைகளுக்கு அடிப்படையாகும்.

பின்னணி

டிம் பெர்னர்ஸ்-லீ ஐரோப்பிய அணு ஆய்வு நிறுவனமான செர்னில் உருவாக்கிய தொடக்ககால இணையப் பக்கங்கள் தலைப்பு, பத்தி, பட்டியல், இணைப்பு ஆகியவற்றால் ஆனவை. எது தலைப்பு, எது பத்தி என்பதை எச்.டி.எம்.எல். மொழி குறித்தது. அவை எந்த நிறத்தில், எந்த அளவில், எந்த இடத்தில் தெரிய வேண்டும் என்பது பெரும்பாலும் உலாவியின் விருப்பத்திற்கு விடப்பட்டிருந்தது.

செய்தித்தாள் போலவும் விளம்பரத் தாள் போலவும் பக்கங்களை அமைக்க விரும்பியவர்களுக்கு இது போதவில்லை. எனவே அட்டவணைத் தரவுகளுக்காக உருவாக்கப்பட்ட கட்டங்களைப் பக்கத்தைப் பத்திகளாகப் பிரிக்கப் பயன்படுத்தினர். இடைவெளி வேண்டிய இடங்களில் கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளிப் படத்தை இழுத்து நிரப்பினர். 1990களின் பிற்பகுதியில் இதுவே பரவலான வழக்கமாக இருந்தது.

உள்ளடக்கத்தையும் தோற்றத்தையும் பிரிக்கும் சி.எஸ்.எஸ். என்னும் நடைதாள் மொழியை ஹோக்கொன் வீயம் லீ 1994 அக்டோபரில் முன்மொழிந்தார். பெர்ட் போஸ் அவருடன் இணைந்து அதனை வளர்த்தார். அதே மாதத்தில் தொடங்கப்பட்ட உலகளாவிய வலைச் சேர்த்தியம், 1996 டிசம்பரில் சி.எஸ்.எஸ். முதல் நிலையைத் தன் பரிந்துரையாக வெளியிட்டது.

அப்போது நெட்ஸ்கேப் நிறுவனத்துக்கும் மைக்ரோசாப்ட் நிறுவனத்துக்கும் இடையே உலாவிப் போட்டி உச்சத்தில் இருந்தது. 1997இல் வந்த நெட்ஸ்கேப் 4, இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 4 ஆகிய இரண்டும் சி.எஸ்.எஸ். மொழியை ஏற்பதாகக் கூறின. ஆயினும் இரண்டும் அதனை அரைகுறையாகவும் வெவ்வேறாகவும் நிறைவேற்றின. நெட்ஸ்கேப் 4இல் சாளரத்தின் அளவை மாற்றினாலே பக்கத்தின் வடிவமைப்பு கலைந்துவிடுவதுண்டு. இதனால் ஒரே தளத்திற்கு இரண்டு பதிப்புகளை எழுதிப் பராமரிக்க வேண்டிய நிலை ஏற்பட்டது.

பெட்டி அளவுச் சிக்கல்

செந்தரத்திற்கும் நடைமுறைக்கும் இடையிலான வேறுபாட்டைப் புரிந்துகொள்ளப் பெட்டி அளவுச் சிக்கல் சிறந்த எடுத்துக்காட்டு. சி.எஸ்.எஸ். பக்கத்திலுள்ள ஒவ்வொன்றையும் ஒரு பெட்டியாகக் கொள்கிறது. பெட்டிக்குள் உள்ளடக்கமும், அதைச் சுற்றி உள் இடைவெளியும், அதற்கு வெளியே கரைக்கோடும் இருக்கும்.

பெட்டியின் அகலம் 200 பிக்சல், இருபுறமும் உள் இடைவெளி 20 பிக்சல், இருபுறமும் கரைக்கோடு 5 பிக்சல் என எழுதப்பட்டிருப்பதாகக் கொள்வோம். செந்தரத்தின்படி 200 என்பது உள்ளடக்கத்தின் அகலம் மட்டுமே. எனவே திரையில் பெட்டி அடைக்கும் இடம் 200 + 40 + 10 = 250 பிக்சல். விண்டோஸில் இயங்கிய இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 அதே 200ஐப் பெட்டியின் மொத்த அகலமாகக் கொண்டது. அதில் உள்ளடக்கத்திற்கு 150 பிக்சலே மிஞ்சியது. நிலத்தை அளக்கும்போது வரப்பைச் சேர்த்து அளப்பதா, விட்டு அளப்பதா என்பது போன்ற வேறுபாடு இது. எந்த முறையிலும் அளக்கலாம். ஆனால் அண்டை நிலத்துக்காரர்கள் இருவரும் ஒரே முறையில் அளக்க வேண்டும்.

இவ்வகைப் பெட்டிகள் மூன்றை 750 பிக்சல் அகலப் பக்கத்தில் அருகருகே வைத்தால், செந்தரம் பின்பற்றும் உலாவியில் அவை சரியாகப் பொருந்தும். இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5இல் 150 பிக்சல் வெற்றிடம் தெரியும். அதைச் சரிசெய்ய அகலத்தை 250 என மாற்றினால், செந்தரம் பின்பற்றும் உலாவியில் ஒவ்வொரு பெட்டியும் 300 பிக்சல் ஆகிவிடும். மூன்றும் சேர்ந்து 900 பிக்சல் ஆவதால் மூன்றாவது பெட்டி இடமின்றிக் கீழே இறங்கிவிடும். ஓர் உலாவிக்கான மருந்து மற்றதற்கு நோயானது.

இதற்கு டான்டெக் செலிக் ஒரு தந்திர வழியைக் கண்டறிந்தார். பழைய உலாவி விதிகளைப் படிக்கும்போது செய்யும் ஒரு பிழையைப் பயன்படுத்தி, அதற்கு ஓர் அகலத்தையும் மற்ற உலாவிகளுக்கு வேறோர் அகலத்தையும் தருவதே அவ்வழி. இத்தகைய தந்திரங்கள் பின்னர் பலவாகப் பெருகின.

இரு முறைமைகள்

உலாவி உருவாக்குநர்களுக்கு வேறொரு நெருக்கடி இருந்தது. தவறான அளவு முறையைத் திருத்தினால், அந்தத் தவறை நம்பி எழுதப்பட்ட எண்ணற்ற பழைய பக்கங்கள் சிதையும். அவற்றை எழுதியவர்கள் திரும்ப வந்து திருத்துவார்கள் என எதிர்பார்க்க முடியாது.

2000 மார்ச்சில் வெளியான மேக்கின்டாஷுக்கான இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 இதற்கு ஒரு தீர்வைக் கொண்டுவந்தது. பக்கத்தின் முதல் வரியில் உள்ள ஆவண வகை அறிவிப்பை உலாவி பார்க்கும். முறையான அறிவிப்பு இருந்தால், எழுதியவர் செந்தரம் அறிந்தவர் எனக் கொண்டு செந்தர முறைமையில் காட்டும். அறிவிப்பு இல்லையெனில் பழைய பக்கம் எனக் கொண்டு பழைய வழக்கப்படியே காட்டும். பின்னது குவர்க்ஸ் முறைமை எனப் பெயர் பெற்றது. மொசில்லா, 2001இல் வந்த விண்டோஸுக்கான இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6 ஆகியவையும் இம்முறையைக் கையாண்டன. இன்றைய உலாவிகளிலும் குவர்க்ஸ் முறைமை உள்ளது. முதல் வரியை எழுத மறந்தவரின் பக்கம் எதிர்பாராத விதமாகத் தெரிவதற்கு இதுவே காரணம்.

செந்தர இயக்கம்

1998இல் வடிவமைப்பாளர்கள் சிலர் இணைந்து இணையச் செந்தரத் திட்டம் என்னும் அமைப்பைத் தொடங்கினர். ஜெஃப்ரி செல்ட்மன் அதன் நிறுவனர்களுள் ஒருவர். உலாவி நிறுவனங்கள் செந்தரத்தைப் பின்பற்ற வேண்டும் என வலியுறுத்துவதே அதன் நோக்கம். 2001இல் பழைய உலாவிகளைக் கைவிடுமாறு பயனர்களைத் தூண்டும் பரப்புரையையும் இவ்வமைப்பு நடத்தியது.

இங்கு ஒரு நியாயமான எதிர்வாதம் எழுந்தது. அலுவலகத்திலோ நூலகத்திலோ கணினியைப் பயன்படுத்துபவர் தம் விருப்பப்படி உலாவியை மாற்ற முடியாது. பழைய கணினி வைத்திருப்பவருக்கும் புதிய உலாவி எட்டாது. செந்தரத்தின் பெயரால் அவர்களுக்குப் பக்கத்தை மறுப்பது, எல்லோருக்கும் தகவல் கிடைக்க வேண்டும் என்னும் செந்தரத்தின் நோக்கத்துக்கே முரணாகும்.

இதற்கு எளிய நடுவழி ஒன்று இருந்தது. நடைதாளை இணைக்கும் ஒருவகைக் கட்டளையை நெட்ஸ்கேப் 4 அறியாது. அக்கட்டளையால் நடைதாளை இணைத்தால் புதிய உலாவிகளில் முழு வடிவமைப்பும், நெட்ஸ்கேப் 4இல் அலங்காரமற்ற, ஆனால் படிக்கத்தக்க பக்கமும் கிடைத்தன. இந்த எண்ணமே 2003இல் ஸ்டீவன் சாம்பியன் முன்வைத்த படிப்படியான மேம்பாடு என்னும் கொள்கையாக விரிந்தது.

இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 8 குறித்த விவாதம்

2008இல் இச்சிக்கல் மீண்டும் எழுந்தது. செந்தரத்தை நன்கு பின்பற்றும் எட்டாம் பதிப்பை மைக்ரோசாப்ட் உருவாக்கியது. ஆனால் ஏழாம் பதிப்புக்கேற்ப எழுதிய பக்கங்கள் அதில் சிதையக்கூடும். எனவே பக்கத்தில் தனிக்குறிப்பு இருந்தால் மட்டுமே புதிய முறையில் காட்டுவதாகவும், இல்லாவிடில் ஏழாம் பதிப்பைப் போலக் காட்டுவதாகவும் அந்நிறுவனம் ஜனவரியில் அறிவித்தது.

பழைய பக்கங்களைக் காப்பது பொறுப்பான செயல் எனச் சிலர் வரவேற்றனர். செந்தரப்படி எழுதுபவரே தனிக்குறிப்பு இட வேண்டும் என்பது தலைகீழான நியாயம் எனப் பலர் எதிர்த்தனர். அதே ஆண்டு மார்ச்சில் நிறுவனம் முடிவை மாற்றிக்கொண்டது. செந்தர முறைமை இயல்பானதாயிற்று. பழைய முறை வேண்டுபவர் குறிப்பிட வேண்டும் என்றாயிற்று. விலக்கு வேண்டுபவரே அதைக் கேட்க வேண்டும் என்பதே இவ்விவாதத்தின் பயன்.

தமிழ்ப் பக்கங்கள்

தமிழ்த் தளங்கள் இச்சிக்கலை எழுத்து நிலையிலேயே சந்தித்தன. ஒருங்குறி பரவுவதற்கு முன் தமிழ்த் தளங்கள் வெவ்வேறு குறியாக்கங்களைக் கையாண்டன. பயனர் எழுத்துருவை நிறுவாமலே படிக்க வேண்டுமெனில், இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு ஒருவகை எழுத்துருக் கோப்பும் நெட்ஸ்கேப்புக்கு வேறுவகைக் கோப்பும் தேவைப்பட்டன. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் டேஸ் 16 குறியாக்கத்தையும் செந்தரங்களாக அறிவித்தது. எழுத்துருக் கோப்புக்கான பொது வடிவமான வாஃப் 2012 டிசம்பரில் வலைச் சேர்த்தியத்தின் பரிந்துரையானது.

ஒருங்குறி வந்த பிறகும் ஓர் இடர் நீடித்தது. வரிகளை இருபுறமும் சமன்செய்வது செந்தரத்தில் உள்ள வசதியே. ஆனால் விண்டோஸில் ஃபயர்பாக்ஸின் தொடக்ககாலப் பதிப்புகளில் அவ்வாறு சமன்செய்த தமிழ் உரையில் கொம்பும் காலும் எழுத்தைவிட்டுப் பிரிந்து தெரிந்தன. 2008 ஜூனில் வெளியான ஃபயர்பாக்ஸ் 3இல் இக்குறை தீர்ந்தது. அதுவரை உரையை இடப்புறமாக மட்டும் ஒழுங்குசெய்வதே பாதுகாப்பான வழியாக இருந்தது. செந்தரம் அனுமதிக்கும் எல்லாவற்றையும் பயன்படுத்தியாக வேண்டும் என்பதில்லை என்பதற்கு இது ஒரு சான்று.

தமிழ்ச் சொற்கள் நீளமானவை. அவற்றின் குறியீடுகள் மேலும் கீழும் நீள்பவை. ஆங்கில உரைக்கு அளந்து உயரம் குறித்த பெட்டியில் தமிழ் உரையை இட்டால் எழுத்துகள் வெட்டுப்படலாம். எனவே உயரத்தை உள்ளடக்கத்திற்கேற்ப வளரவிடுவதும், குறுகிய பத்திகளில் நீண்ட சொற்கள் மடங்க வழிசெய்வதும் நல்லது.

சமநிலைக்கான வழிமுறைகள்

இந்த அனுபவங்களிலிருந்து வடிவமைப்பாளர்கள் பொதுவாகப் பின்பற்றும் வழிமுறைகள் வருமாறு:

1. உள்ளடக்கத்தை முறையான எச்.டி.எம்.எல். குறிகளால் எழுதுதல். நடைதாள் செயல்படாவிட்டாலும் பக்கம் மேலிருந்து கீழாகப் பொருளுடன் படிக்கத்தக்கதாக இருக்க வேண்டும். பார்வையற்றோரின் திரைவாசிப்பு மென்பொருளுக்கும் இதுவே உதவும்.

2. முதலில் செந்தரப்படி எழுதிப் பின்னர் குறைகளைச் சரிசெய்தல். குறையுள்ள உலாவிக்கு ஏற்பத் தொடங்கினால், அந்த உலாவி மறைந்த பின்னும் அதன் குறை பக்கத்தில் தங்கிவிடும்.

3. விலக்குகளைத் தனியே வைத்தல். பழைய உலாவிக்கான திருத்தங்களைத் தனிக் கோப்பில், காரணத்தைக் குறித்து வைத்தால் தேவையற்றபோது எளிதாக நீக்கலாம். தந்திரங்களை நடைதாள் முழுதும் தூவியவர்கள் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 7 வந்தபோது அவற்றைத் தேடித் திருத்த வேண்டியதாயிற்று.

4. உலாவியின் பெயரைக் கேளாமல் அதன் திறனைக் கேட்டல். ஒரு வசதி இருந்தால் மட்டும் செயல்படும் விதிகளை எழுத சி.எஸ்.எஸ். மொழியிலேயே இன்று வழி உள்ளது.

5. எல்லா உலாவிகளிலும் ஒரே தோற்றம் வேண்டும் என வற்புறுத்தாதிருத்தல். ஓர் உலாவியில் பெட்டியின் முனை வளைவாகவும் மற்றொன்றில் நேராகவும் தெரிந்தால் படிப்பவருக்கு இழப்பில்லை. படிவத்தை அனுப்பும் பொத்தான் மறைந்தால் இழப்பு உண்டு.

நடைமுறை செந்தரமாதல்

செந்தரமும் நடைமுறையிலிருந்து கற்றுக்கொண்டது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 கையாண்ட, கரையையும் சேர்த்து அளக்கும் முறை கணக்கிட எளிதானது எனப் பலர் கருதினர். பிற்காலத்தில் அது எழுதுபவர் விரும்பினால் தேர்ந்தெடுக்கும் வசதியாக சி.எஸ்.எஸ். மொழியில் சேர்க்கப்பட்டது. இன்று மிகப் பல தளங்கள் அதையே பயன்படுத்துகின்றன. ஒருகாலத்தில் பிழையாக இருந்தது முறை அன்று. பொது உடன்பாடின்றி அதனைச் செய்ததே பிழை.

பக்கத்தைக் கட்டங்களாகப் பிரிக்கும் கிரிட் வசதியும் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 10இல் முன்னொட்டுடன் கூடிய சோதனை வடிவில் முதலில் வந்தது. பின்னர் அது பொதுச் செந்தரமாகத் திருத்தி எழுதப்பட்டது. 2017 மார்ச்சில் ஃபயர்பாக்ஸ், குரோம், சஃபாரி மூன்றிலும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் வெளியானது. கட்டங்களுக்காக அட்டவணையை வளைத்த காலம் இதன்மூலம் முடிவுக்கு வந்தது.

இன்றைய நிலை

இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 11 மேசைக் கணினிச் செயலிக்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2022 ஜூன் 15 அன்று விண்டோஸ் 10இன் பெரும்பாலான பதிப்புகளில் நிறுத்தியது. அதே ஆண்டில் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாப்ட், மொசில்லா முதலியவை இணைந்து இன்டராப் 2022 என்னும் முயற்சியைத் தொடங்கின. உலாவிகளுக்கு இடையே வேறுபடும் வசதிகளைத் தேர்ந்து, பொதுச் சோதனைகளால் அளந்து, குறைகளைத் தீர்ப்பது இதன் பணியாகும்.

எனினும் இடர் முற்றிலும் நீங்கவில்லை. குரோம், எட்ஜ், ஓப்பரா ஆகியவை இன்று குரோமியம் என்னும் ஒரே அடித்தளத்தில் இயங்குகின்றன. ஆகவே குரோமில் மட்டும் பார்த்துவிட்டுப் பக்கம் சரியாக உள்ளது என முடிவுசெய்யும் பழக்கம் எளிதில் தொற்றக்கூடியது. அவ்வாறு எழுதப்படும் பக்கம், இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு மட்டும் எழுதப்பட்ட பக்கங்களைப் போலவே, அந்த உலாவி மாறும் நாளில் சிதையக்கூடும். 1990களில் எளிய எச்.டி.எம்.எல். குறிகளால் எழுதப்பட்ட பக்கங்களோ இன்றைய கைபேசி உலாவியிலும் படிக்கத்தக்கவையாக உள்ளன.