தனுஷ்கோடி: கடல் கொண்ட புகையிரத நிலையம்

திருகோணமலைப் புகையிரத நிலையத்துக்குப் போகும்போதெல்லாம் என் அம்மம்மா சொன்ன வார்த்தை எனக்கு நினைவுக்கு வரும். "இதிலை ஏறினால் அக்கா வீட்டிலை போய் இறங்கலாம்" என்பார். அவருடைய தமக்கை வாழ்க்கைப்பட்டது இராமநாதபுரத்தில். அன்புவழிபுரத்தில் இருந்த எங்களுக்கு இந்தியா என்பது பெரிய அம்மம்மாவின் வீடு, அவ்வளவுதான்.

அம்மம்மா சொன்னது மிகையல்ல. இங்கிருந்து கல்ஓயா, மாகோ, மதவாச்சி என்று வண்டி மாறித் தலைமன்னார் இறங்குதுறையை அடையலாம். அங்கே கப்பல் காத்து நிற்கும். ஏறக்குறைய முப்பது கிலோமீற்றர் கடலைத் தாண்டினால் தனுஷ்கோடி. கப்பலை விட்டு இறங்குபவரைச் சென்னைக்கு ஏற்றிச் செல்ல அங்கே புகையிரதம் நிற்கும். 1914ஆம் ஆண்டு பெப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதோடு தொடங்கிய இந்தச் சேவையைத்தான் 'போட் மெயில்' என்று நம்மவர்கள் அழைத்தார்கள். சென்னையிலிருந்து கொழும்புவரை ஒரே பயணச்சீட்டில் வரலாம். மலையகத் தோட்டங்களுக்குத் தொழிலாளராக வந்த எத்தனையோ ஆயிரம் பேர், மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டு, இந்த வழியாகவே இலங்கை மண்ணை மிதித்தார்கள்.

சின்னஞ்சிறு மணல்திட்டில் இருந்த அந்த நிலையத்தைச் சுற்றிச் சுங்கம், தபாற்கந்தோர், கோயில், தேவாலயம் என்று ஓர் ஊரே வளர்ந்தது. அந்த ஊர் ஒரே இரவில் அழிந்தது.

அந்தமானுக்குத் தெற்கே உருவான சூறாவளி, 1964 டிசம்பர் 22ஆம் திகதி முதலில் நமது கிழக்குக் கரையைத்தான் தாக்கியது. அன்று கூரை பறந்த கதையை அம்மம்மா சாகும்வரை சொன்னார். அதே புயல் வவுனியாவைக் கடந்து, மன்னார்க் கடலைத் தாண்டி, அன்றிரவே தனுஷ்கோடியை அடைந்தது. நள்ளிரவுக்குச் சற்று முன் பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் வண்டி, நிலையத்தை நெருங்கும் தறுவாயில் பேரலையில் அகப்பட்டது. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் ஒருவரும் மீளவில்லை. "எங்கடை வீட்டுக் கூரையைக் கொண்டுபோன காத்துத்தான் அந்த றெயிலையும் கொண்டுபோனது" என்று அம்மம்மா சொல்லும்போது எனக்கு உடல் சிலிர்க்கும்.

சேதமடைந்த பாம்பன் பாலத்தை, இளம் பொறியியலாளர் ஈ. சிறீதரனின் பொறுப்பில் 46 நாட்களிலேயே சீர்செய்தார்கள். ஆனால் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாதையை மீண்டும் போடவில்லை. அந்த ஊர் மனிதர் வாழத் தகுதியற்றது என்று சென்னை அரசு அறிவித்துவிட்டது. கப்பல் இராமேஸ்வரத்துக்கு மாறியது. அந்த 1964ஆம் ஆண்டு ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி நாடு கடத்தப்பட்ட மலையக மக்கள், தங்கள் பாட்டனார் வந்த கடலிலேயே திரும்பிச் சென்றார்கள். எண்பதுகளின் நடுப்பகுதியில், போர்ச் சூழலில், அந்தக் கப்பலும் நின்றது. 1990இல் தலைமன்னார்ப் பாதையும் மூடப்பட்டது.

1991இல் பெரிய அம்மம்மா காலமானார். செய்தி கடிதத்தில் வந்து சேர்ந்தபோது அந்தியேட்டியும் முடிந்திருந்தது. "றெயில் இருந்திருந்தால் முகத்தையாவது பாத்திருப்பன்" என்று அம்மம்மா அழுதார்.

2015 மார்ச் 14ஆம் திகதி தலைமன்னார்ப் பாதை மீண்டும் திறக்கப்பட்டது. அந்தச் செய்தியைக் கேட்க அம்மம்மா இருக்கவில்லை. பாதை வந்தது, அதன் முனையில் காத்து நிற்கும் கப்பல் வரவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நான் தனுஷ்கோடிக்குப் போனேன். திருகோணமலையிலிருந்து கட்டுநாயக்கா, அங்கிருந்து ஆகாய மார்க்கமாகச் சென்னை, பிறகு இராமேஸ்வரம் என்று ஊர் சுற்றித்தான் போக முடிந்தது. நிலையம் இருந்த இடத்தில் இடிந்த சுவர்கள் நின்றன. மணலில் நின்று தலைமன்னார்ப் பக்கம் பார்த்தேன். பக்கத்துக் கடைக்காரர், "இலங்கையா, தம்பி? இதோ, எதிர்க்கரைதானே!" என்றார்.

எதிர்க்கரைதான். அந்த எதிர்க்கரையிலிருந்து அவர் கடை வாசலுக்கு வந்து சேர எனக்கு இரண்டு நாட்கள் பிடித்தன என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.